கஞ்சி போட்ட நாய்

எங்கள் வீட்டுக்காரர் தண்டாயுதபாணி வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவது அமாவாசைக்கு அமாவாசைதான். நான் அதற்கு நேர்மாறு. சொர்ணலட்சுமி பேச ஆரம்பித்தால் சின்னாளபட்டி முழுக்கத் தறி நின்றுபோகும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும். இல்லாததையா சொல்கிறேன், உள்ளதைத்தானே சொல்கிறேன்.

நயா பைசா வந்த மறுவருஷம் எங்கள் ஒரே மகள் காளியம்மாளைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்தோம். என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேச வீட்டில் இருந்த ஒரே ஆள் அவள்தான். அவள் போன பிறகு, தறி பாட்டுக்குத் தடதடக்கும், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் யாரும் பதில் சொல்வதில்லை.

அந்த ஆவணியில் ஒரு நாள், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவைச் சரிபார்த்து வருகிறேன் என்று திண்டுக்கல்லுக்குப் போன மனிதர் பொழுது சாயும் நேரத்தில் நடந்து வந்தார். டவுன் பஸ் இருக்க ஏழு மைல் ஏன் நடந்து வருகிறார் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தால், அவர் பின்னால் கயிற்றில் ஒரு பஞ்சு மூட்டை நடந்து வருகிறது. கிட்ட வந்த பிறகுதான் அது நாய் என்று தெரிந்தது. வெள்ளை நாய். தலையிலிருந்து வால் வரைக்கும் முடி. கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. வழியில் இருந்த நெருஞ்சி முள், ஒட்டுப்புல் அத்தனையும் அதன்மேல்தான் ஒட்டியிருந்தது.

"யாரு நாய் இது?"

"நம்மளது."

"எதுக்கு?"

"பாவம்."

அவ்வளவுதான். மிச்சக் கதையை நான் நாலு நாள் துளைத்துத் தெரிந்துகொண்டேன். கொடைக்கானலில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்த இருதயநாதன், துரை கப்பலேறிப் போனதும் கீழே இறங்கி வந்து, திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கிறார். துரை விட்டுப் போன நாயும் கூடவே வந்துவிட்டது. டீயில் முடி கிடக்கிறது என்று ஆட்கள் கிளாசை வைத்துவிட்டுப் போக, யாராவது கொண்டுபோனால் தேவலை என்று அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் எங்கள் ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

துரை வைத்த பேர் என் வாயில் நுழையவில்லை. வீட்டுக்காரர் வீரன் என்று பேர் வைத்தார். அந்த வீரன் காக்காயைக் கண்டால் தறிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. எங்கள் தறி குழித்தறி. இவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும்போது, வீரன் ஓரத்தில் படுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பான். இவர் அவனிடம் பேசுவார். "இன்னைக்கு ஊடை நூலு சரியில்லடா. இழுத்தா இழுத்த பக்கம் வருது." "மழ வரும்போல இருக்கு, மேற்க கறுத்துக் கெடக்கு." இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் பேசாத பேச்சு. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம். நாயைப் பார்த்துத்தான் பொறாமை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி தங்கமுத்து வந்தார். எங்களுக்குத் தறியில் நீளவாக்கில் கட்டும் பாவும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொள்கிறவர் அவர். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, தணியும். அதனால்தான் எல்லாருக்கும் அவரிடம் பயம். சேலையை வாசல் வெளிச்சத்தில் விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். அன்றைக்கு அரக்குச் சேலை. பாதியில் கை நின்றது. நெசவோடு நெசவாக ஒரு வெள்ளை முடி ஓடியிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்து வாசல் பக்கம் எறிந்தார். அப்புறம் தறிக்குப் பக்கத்தில் படுத்திருந்த வீரனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா தண்டாயுதம், இது கல்யாணச் சேலை. பொண்ணு கட்டிக்கிட்டு மணவறையில உக்காரும்போது நாய் முடி குத்தணுமா?" என்று மெதுவாகச் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கெழமை வாரேன். தறியில கெடக்கிற சேலையில ஒத்த முடி இருந்துச்சுன்னா, ஒண்ணு இந்த நாய் இங்க இருக்காது, இல்ல என் பாவு இங்க இருக்காது."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் தறிக்குப் போகவில்லை. வீரனின் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "இருதயநாதன்கிட்டயே விட்டுட்டு வந்துருறேன்" என்றார். மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கும் அந்த மனிதர் இப்படித்தான் இருந்தார். நாய்மேல் எனக்கு ஆசையெல்லாம் அப்போது கிடையாது. ஆனால் அந்த நாயும் போய்விட்டால் இந்த வீட்டில் அவர் குரலையே கேட்க முடியாதே என்று நினைத்தேன்.

"ஒரு வாரம் இருக்குல்ல. நான் பாத்துக்கிறேன், நீங்க சோத்தத் தின்னுங்க" என்றேன்.

எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. உட்கார்ந்து யோசித்தேன். பாவுக்கு எதற்குக் கஞ்சி போடுகிறோம்? நூலில் பிசிறு எழும்பாமல், பறக்காமல், படிந்து கிடக்கட்டும் என்றுதானே? அங்கே நூல், இங்கே முடி. ஒரு கஞ்சியைப் போட்டுத் தேய்த்துவிட்டால் படிந்து கிடந்துவிட்டுப் போகிறது. சின்னாளபட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிட வேறென்ன தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பச்சரிசிக் கஞ்சி காய்ச்சி, பாவுக்கு ஊற்றுவது போலவே ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டுக் கலக்கினேன்.

"வேணாம் சொர்ணம்" என்றார் அவர்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பிடிங்க அவன" என்றேன்.

முதலில் சிகைக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். கண்ணில் பட்டு வீரன் போட்ட கூச்சலில் தெருவே திரண்டு வந்துவிட்டது. நனைந்ததும் அவன் உடம்பிலிருந்த சிக்கெல்லாம் இறுகிக் கட்டி கட்டியாகிவிட்டது. நான் விடுவேனா? கஞ்சியை அள்ளி அப்பி, பாவு தேய்க்கிற பிரஷ்ஷால் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே சீராக இழுத்துவிட்டு, வாசல் வெயிலில் கட்டிப்போட்டேன். பார்க்க வழவழவென்று அழகாகவே இருந்தான். நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

காய்ந்த பிறகுதான் வினை. வீரன் அப்பளமாகிவிட்டான். வாலை ஆட்டப் பார்த்தான், வால் ஆடவில்லை. உட்காரப் பார்த்தான், மடங்கவில்லை. நடந்தால் சரசரவென்று ஓலைப்பாய் சத்தம். முதலில் எறும்பு வந்தது. அப்புறம் கஞ்சி வாசனைக்குத் தெருமாடு ஒன்று வந்து, அவன் முதுகில் ஆசையாக ஒரு நக்கு நக்கியது. காக்காய்க்கே பயப்படுகிறவன் மாட்டுக்கு நிற்பானா? கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினான். தெருவில் விரித்துக் கட்டியிருந்த பக்கத்து வீட்டுப் பாவுக்கு அடியில் புகுந்து அவன் ஓட, மாடும் நாக்கை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓட, நல்ல வேளை இழை ஒன்றும் அறுபடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று அவர். அவர் ஓடிப்போய் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குப் போனேன். இருதயநாதன் நான் சொன்னதைக் கேட்டுப் பாய்லரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"சிரிச்சது போதும்ண்ணே. என்ன செய்யணும், அதச் சொல்லுங்க. ஒட்ட வெட்டிவிட்ரலாமா?"

"வெட்டிராத தங்கச்சி. இந்த ஊரு வெயிலு நேரா தோல்ல விழுந்து கொப்புளம் கெளம்பிரும். அந்த முடிதான் அதுக்குக் கொட. விழுற முடி எப்பிடியும் விழத்தான் செய்யும். அது தறியில விழுகாம சீப்புல விழ வைக்கணும். அம்புட்டுதான் சூட்சுமம். தெனமும் சீவணும். தொரையம்மா ஒரு நாள் விடாது."

கடை வாசலில் பீடி பற்றவைக்க ஒரு கயிறு தொங்கும், பார்த்திருப்பீர்கள். பற்றவைக்காத புதுக் கயிறு ஒன்றை எடுத்து, அதன் நுனியைப் பிரித்துச் சிக்காக்கி, தன் சட்டைப்பையிலிருந்த சீப்பால் எனக்குச் செய்து காட்டினார். மேலிருந்து இழுக்கக் கூடாது. நுனியில் நாலு விரல் அளவு சீவ வேண்டும். அது விட்ட பிறகு அதற்கு மேலே நாலு விரல். சீவும்போது தோல் இழுபடாமல் முடியின் அடியை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டியாக இருந்தால் சொட்டு எண்ணெய் விட்டு விரலால் பிரிக்க வேண்டும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் சிக்கு ஒளிந்திருக்கும். இப்போது கஞ்சி போக வெறும் தண்ணீரில் அலசலாம், மற்றபடி சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டவே கூடாது. சிகைக்காய் ஆகாது, பாசிப்பயற்று மாவு போதும்.

எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சிக்கு விழுந்த நூலை நான் எப்படி எடுப்பேன்? இதேபோல நுனியிலிருந்துதான் எடுப்பேன். ஏழு வயதில் படித்த வேலை. நாய் என்றதும் கஞ்சிதான் ஞாபகம் வந்தது, இது வரவில்லை.

அன்றைக்கு மத்தியானமே வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியை அலசினோம். காய்ந்ததும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் வீரனின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் வால் பக்கமிருந்து ஆரம்பித்தேன். கஞ்சிக்காரி மறுபடியும் வந்துவிட்டாள் என்று அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத் தொடை முடிவதற்குள் பொழுது போய்விட்டது.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் தறி வேலை முடிந்ததும் அதே இடம். காதுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே ஒரு நெருஞ்சி முள் கிடந்தது. அதை எடுத்ததும் வீரன் ஒரு பெருமூச்சு விட்டு என் கையை நக்கினான். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் அவன்மேல் ஆசை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. சீப்பில் வந்த முடியைப் பந்து பந்தாக உருட்டி வைத்தேன். அவன் முடி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு சாண் நீளம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. விரலில் சுற்றி விட்டால் சுருண்டே நிற்கும்.

இதற்கு நடுவில் அவர் பேசிக்கொண்டிருந்தார். நாயிடம்தான். ஆனால் நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பரமக்குடித் தறி அகலத் தறியாம், காளிக்குக் கை வலிக்குமோ என்னவோ என்றார். அவள் சின்னப் பிள்ளையில் தறிக்குழியில் விழுந்து எழுந்து சிரித்ததைச் சொன்னார். ஒரு நாள், "காளி போன அன்னைக்கு ஒங்கம்மா அடுப்படியில நின்னு அழுதாடா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. பாக்காத மாதிரியே தறியில உக்காந்துக்கிட்டேன்" என்றார். நான் சீப்பை நிறுத்தவில்லை. வாயையும் திறக்கவில்லை. திறந்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயம். மூன்று நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

வியாழக்கிழமை பாசிப்பயற்று மாவு போட்டுக் குளிப்பாட்டி, பழைய சேலையால் துடைத்து, நிழலில் சீவிக்கொண்டே காயவைத்தோம். வீரனுக்குக் கண் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அறுபத்து மூன்று தடவை எழுந்து போய்த் தறியிலிருந்த சேலையைத் தடவிப் பார்த்தேன். ஒரு வெள்ளை முடி கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கமுத்து வந்தார். வாசல் ஓரத்தில் கட்டியிருந்த வீரனைப் பார்த்து, "இது அந்த நாய்தானா?" என்று கேட்டு, புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெங்காயச் சருகு நிறச் சேலையை விரித்தார். கை போய்க்கொண்டே இருந்தது. முந்தானை முடிந்தது. உடல் பாதி முடிந்தது. நான் மூச்சை விடப் போனேன். கை நின்றது.

நகத்தால் கிள்ளி இழுத்தார். வெள்ளை முடி. அதை எங்கள் வீட்டுக்காரர் மடியில் போட்டுவிட்டு, சேலையை மடிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் எழுந்தார். வாதாடவில்லை. வாசலுக்குப் போய் வீரனின் கயிற்றை அவிழ்த்தார். வெளியே கூட்டிப்போகப் போகிறார் என்று நினைத்து அந்த முட்டாள் நாய் துள்ளியது. முடி தரையில் விழுந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன்.

இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது. ஒன்றரை முழம். சுருளே இல்லை, விறைப்பாக நேராக இருந்தது. நுனியில் நாலு விரல் அளவுக்கு இன்னும் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட, பாவுமேல் குனிகிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

அப்போது எனக்கு வயது நாற்பது. ஒரு நரை கிடையாது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இந்தத் தங்கமுத்துவின் பெண்டாட்டியே ஆள் விட்டு, என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். கரிசலாங்கண்ணி என்று நானும் பெருமையாகச் சொல்லியனுப்பியிருக்கிறேன். அந்த முடியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி அப்படித்தான் கை போனது. வாசலில் அவர் குனிந்து நாயின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, செத்த நில்லுங்க" என்றேன். "இது நாய் முடி இல்ல. இது என் முடி."

கொண்டையை அவிழ்த்துவிட்டேன். அந்த முடியை என் தலையோடு சேர்த்து வைத்துக் காட்டினேன். பந்தாக உருட்டி வைத்திருந்த வீரனின் முடியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். தங்கமுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்.

"அப்ப போன வாரம்?"

"நீங்கதான் வாசல்ல எறிஞ்சுட்டீங்களே. அதுவும் என்னுதாத்தான் இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், தோள் குலுங்கியது. "நாயின்னா வெரட்டலாம். ஒன்னய என்ன செய்யச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த புதுப் பாவை எடுத்து வைத்தார். "தலையில துணியக் கட்டிக்கிட்டுத் தறிப்பக்கம் போம்மா சொர்ணம்."

பொழுது இறங்குவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தது. கரிசலாங்கண்ணி எண்ணெய் எப்படி இருக்கிறது என்று மூன்று பேர் வாசலில் நின்று கேட்டார்கள். நானும் தக்க பதில் சொல்லியனுப்பினேன்.

சாயங்காலம் கொல்லையிலிருந்து அவர் கூப்பிட்டார். "சொர்ணம், செத்த இங்க வா."

முருங்கை மரத்தடியில் சீப்போடு உட்கார்ந்திருந்தார். வீரனைச் சீவ என்னைக் கூப்பிடுகிறார் என்று போனேன். வீரன் ஏற்கெனவே சீவி முடித்துப் பளபளவென்று தூங்கிக்கொண்டிருந்தான். அவர் முன்னால் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"என்ன இது, யாராச்சும் பாத்தா?"

"உக்காரு."

உட்கார்ந்தேன். நுனியிலிருந்து நாலு விரல் சீவினார். அப்புறம் அதற்கு மேலே. அடி முடியைப் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல்.

"காதோரமா ரெண்டு இருக்கு" என்றார். "காளி கல்யாணத்தன்னைக்கே பாத்தேன்."

"பாத்தவரு அப்பவே சொல்லிருக்கக் கூடாதா?"

"நீ எங்க பேச விட்ட?"

பதில் சொல்ல வாய் தன்னால் திறந்தது. மூடிக்கொண்டேன். அவர் மறுபக்க முடியையும் பிடித்துச் சீவினார். அப்புறம், பரமக்குடிக்கு ஒரு நடை போய்வரலாமா, காளிக்கு அகலத் தறி ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஆரம்பித்தார். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.